கம்பியும் கண்ணாடியும்

எங்கள் வீட்டுத் தொலைபேசியில் இப்போது மின்சாரம் வருவதில்லை, வெளிச்சம் வருகிறது. இதை நான் படிமமாகச் சொல்லவில்லை. படிமம் என்ற பெயரில் நம் கவிதைகளுக்குள் வந்து விழுகிற வெளிச்சங்களைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயம் நண்பர்களுக்குத் தெரியும். செம்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்திருக்கிறது. கம்பியில் ஓடியது மின்சாரம், இழையில் ஓடுவது ஒளி. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த மாற்றத்தில், நான் அச்சில் போட்டுப் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரு விமர்சனக் கருத்து அடிபட்டுப் போயிற்று. அதை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

2023இல், சத்தியமங்கலத்தில் எங்கள் தெருவையொட்டிய சாலையை அகலப்படுத்த வந்த பொக்லைன், பூமிக்கடியில் கிடந்த கேபிளை ஒரே வாரலில் வெளியே இழுத்துப் போட்டது. அறுபட்ட வாயில் நூற்றுக்கணக்கான மெல்லிய கம்பிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் தனி நிறம் - வெள்ளையும் நீலமும், வெள்ளையும் ஆரஞ்சும், வெள்ளையும் பச்சையும் என்று. இந்த வரிசையை ஸ்லோகம் போலச் சொல்லக்கூடிய லைன்மேன் ஒருவர் எங்கள் பகுதியில் இருந்தார். குழிக்குள் உட்கார்ந்து, தலைக்கு மேல் ஒரு குடையைக் கட்டிக்கொண்டு, நாள் முழுக்க ஜோடி ஜோடியாக முறுக்கிச் சேர்ப்பார். எந்த ஜோடி எந்த வீடு என்று காகிதம் பார்க்காமலே சொல்வார். பி.எஸ்.என்.எல்.லில் 2019இன் இறுதியில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 78,000க்கும் மேற்பட்டவர்கள் 2020 ஜனவரி 31ஆம் தேதி ஒரே நாளில் வேலையிலிருந்து இறங்கினார்கள். அவரும் அவர்களில் ஒருவர். இப்போது வாழைத்தோட்டம் பார்க்கிறார். போய்க் கேட்டேன். தார் அறுக்கும் கத்தியைக் கீழே வைக்காமலே, “என்ற காலம் முடிஞ்சுது தம்பி. இனி எல்லாம் கண்ணாடிதானுங்க. நீங்களும் மாத்தீருங்க” என்றார்.

மாற்றினேன். எண் மாறியது. 04295 என்ற ஊர் எண் மட்டும் மிச்சம். அம்மா இன்னும் பழைய எண்ணைத்தான் ஒப்பிக்கிறார்.

இணைப்புக் கொடுக்க வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். இழையின் தோலை உரித்து, முனையைச் சீராக நறுக்கி, டிபன் பெட்டி அளவிலிருந்த ஒரு கருவிக்குள் இரண்டு முனைகளையும் வைத்து மூடினான். அதன் சின்னத் திரையில் இரு முனைகளும் இரண்டு பெரிய தூண்களாகத் தெரிந்தன. தாமே நகர்ந்து நேருக்கு நேர் வந்து நின்றன. ஒரு மின்பொறி, ஒட்டிக்கொண்டன. அந்த இழையின் மொத்தக் கனமே ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். ஒளி ஓடுகிற உள்தண்டு அதிலும் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவு. நடுவில் எங்காவது ஒடிந்திருக்கிறதா என்று பார்க்க அவன் ஒரு சிவப்பு விளக்கை அடித்துக் காட்டினான். இழையின் நுனியில் குங்குமம் வைத்த மாதிரி ஒரு புள்ளி.

“இதுலதான் பேச்சு வருதா கண்ணு?” என்றார் அம்மா.

“இல்லீங்க பாட்டி. பேச்சு வர்ற லைட்டு கண்ணுக்குத் தெரியாதுங்க.”

அகச்சிவப்பு ஒளி என்று நான் விளக்க ஆரம்பித்தேன். இருவரும் கேட்கவில்லை. பையன் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை அறைந்தான். அதில் நாலைந்து பச்சை விளக்குகள். பெட்டியிலிருந்து ஒரு ஒயர் புதுத் தொலைபேசிக்கு. எடுத்து வைத்துப் பார்த்தேன். டயல் டோன் வந்தது. பிறகுதான் தெரிந்துகொண்டேன் - அந்தச் சத்தம் எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவதில்லை, நம் வீட்டுப் பெட்டியே நமக்காக முனகிக் காட்டுவது. பழைய கருவியில் ரிசீவரை எடுத்ததும் வருகிற ரீங்காரம், ஊருக்குள் எங்கோ ஒரு கட்டடம் விழித்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. இப்போது சாட்சியை வீட்டிலேயே தயாரித்துக்கொள்கிறோம்.

பழைய தொலைபேசி எங்கள் வீட்டுக்கு வந்தது 1993இல். எனக்கு அப்போது ஐந்து வயது. பெங்களூர் ஐ.டி.ஐ.யில் செய்த, விரல் விட்டுச் சுழற்றுகிற கறுப்புக் கருவி. சாமி படங்களுக்குப் பக்கத்து மாடத்தில் வைத்து, அம்மா பின்னிய ஒரு துணியைப் போர்த்தியிருந்தார்கள். தெருவில் அது மூன்றாவது தொலைபேசி. கல்யாணப் பத்திரிகைகளிலும் கடை ரசீதுகளிலும் எங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டுக்கொண்டவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மணி அடித்தால் நான் ஓடிப்போய் ஆளைக் கூட்டிவர வேண்டும். மல்லிகை வைத்திருந்த பக்கத்துத் தோட்டக்காரர் விடிகாலையில் வந்து, திண்ணையில் செருப்பை விட்டு, கையைத் துண்டில் துடைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போன் போடுவார். விலை குறைவு என்றால் ரிசீவரை மிக மெதுவாக வைப்பார். ஏறியிருந்தால் டொக்கென்று. விலையைக் கேட்காமலே நாங்கள் தெரிந்துகொள்வோம்.

ஆனால் அந்தக் கருவி உண்மையில் பெரியம்மாவுக்காக இருந்தது. அம்மாவின் அக்கா தாளவாடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். இங்கிருந்து பண்ணாரி, அப்புறம் திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள், ஆசனூர், அதற்கும் அப்பால் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற ஊர். ராஜ்குமாரை வீரப்பன் கடத்திய 2000 ஜூலைக்குப் பிறகு வெளியூர்க்காரர்களுக்கும் தாளவாடி தெரிந்த பெயராயிற்று. எங்களுக்கு அது இரவு எட்டு மணிக்கு அடிக்கிற மணி. ஏறக்குறைய முப்பது வருஷம், பெரும்பாலான நாட்களில், எட்டு மணிக்கு அந்த மணி அடித்திருக்கிறது.

பேச்சு இப்படி இருக்கும்:

“சாப்புட்டாச்சா?”

“இனித்தான்.”

“மழை வருமாட்ட இருக்குது.”

“இங்கயும் மூடாக்காத்தான் இருக்குது.”

பிறகு ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அம்மா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சில சமயம் அவரைக்காய் நார் உரிப்பார். பிறகு, “அப்புறம்?” “அப்புறமென்ன.” “செரி, வெக்கட்டா?” “வெச்சுரு.”

எஸ்.டி.டி. என்றால் வினாடிக்குக் காசு ஓடிய காலத்தில், இரவு ஏற ஏற கட்டணம் குறையும் என்று கடை வாசலில் ஜனங்கள் வரிசையில் நின்ற காலத்தில், இவர்கள் இருவரும் பேசாமல் இருப்பதற்குக் காசு கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா சிடுசிடுப்பார். பில் வந்த அன்று மட்டும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதும்போது இந்த மௌனத்தை எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தினேன். மௌனம் என்ற சொல்லைப் புதுக்கவிதைக்காரர்கள் தேய்த்த தேய்ப்பில் அது வழவழவென்று ஆகி, கையில் நிற்காமல் போய்விட்டது. வரிகளுக்கு நடுவே இடம் விட்டால் மௌனம். மூன்று புள்ளி வைத்தால் ஆழ்ந்த மௌனம். இதற்கு எதிராகத்தான் எழுதினேன். மௌனம் என்பது பேச்சு இல்லாத இடம் அல்ல, அதைச் சுமக்க ஒரு கம்பி வேண்டும், இரு முனையிலும் ஆள் வேண்டும், கம்பியின் இரைச்சல் காதில் விழுந்துகொண்டிருக்க வேண்டும். என் அம்மாவும் பெரியம்மாவும் தினம் இரவு ஒரு நல்ல கவிதையை எழுதாமல் விடுகிறார்கள் - இப்படிப் போயிற்று அந்த மதிப்புரை. கடைசி வாக்கியத்தை நண்பர்கள் சிலர் கடிதத்தில் சிலாகித்திருந்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அதில் புரூஸ்டையும் இழுத்திருந்தேன். 1920இல் வெளிவந்த ‘கெர்மாந்த் பக்கம்’ பகுதியில், நாவலின் கதைசொல்லி வெளியூரிலிருந்து பாட்டியோடு தொலைபேசியில் பேசுகிறான். முகம் இல்லாமல் குரல் மட்டும் தனியாக வரும்போதுதான், அந்தக் குரலில் எவ்வளவு துக்கம் இருக்கிறது என்பதை முதன்முறையாகக் கேட்கிறான். பிறகு இணைப்பு அறுந்துவிடுகிறது. இவன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். தொலைபேசியை உபயோகப் பொருளாகப் பார்க்காமல், ஒருவர் இல்லாமல் போவதற்கான ஒத்திகையாகப் பார்த்த முதல் எழுத்துக்களில் ஒன்று அது என்று எனக்குப் படுகிறது. பி.ஏ. ஆங்கிலத்தில் இதையெல்லாம் சொல்லித்தரவில்லை. கோயமுத்தூரில் பழைய புத்தகக் கடையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றியதுதான்.

என் மதிப்புரையின் வாதத்துக்குக் கம்பி உண்மையாகவே ஆதாரம் தருகிறதா என்று அப்போது நான் பார்க்கவில்லை. கம்பி போன பிறகுதான் பார்த்தேன். ஓரளவு தருகிறது.

பழைய தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் வேண்டியதில்லை. எக்ஸ்சேஞ்சில் ஒரு அறை நிறைய ஈயமும் அமிலமுமான பாட்டரிகள் இருக்கும். அங்கிருந்து 48 வோல்ட் அழுத்தம் ஊரிலுள்ள எல்லாக் கம்பிகளிலும் சதா நின்றுகொண்டிருக்கும். ரிசீவரை எடுத்ததும் சுற்று பூர்த்தியாகி மின்னோட்டம் ஓடும். மணியடிக்கும்போது மட்டும் அதைவிட வலுவான மாறுமின்னோட்டம். சிறுவயதில் அது என் விரலில் அடித்திருக்கிறது. ஊர் இருண்டு கிடந்தாலும் தொலைபேசி உயிரோடு இருந்ததற்கு இதுதான் காரணம். அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து நெருப்பு வாங்கி வந்து நம் அடுப்பை மூட்டுகிற மாதிரி, அந்த மின்சாரம் நம்முடையதல்ல, வேறொரு இடத்தில் யாரோ காத்து வைத்தது.

இங்கே என் கட்சிக்கு விரோதமான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சத்தியிலிருந்து தாளவாடி வரைக்கும் ஒரே செம்புக் கம்பி, அதில் என் அம்மாவின் மூச்சு மலையேறிப் போயிற்று என்று நான் மனசுக்குள் வைத்திருந்த சித்திரம் பொய். சாம் பிட்ரோடாவின் முயற்சியில் 1984இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம், 128 இணைப்புகள் கொண்ட சின்ன எக்ஸ்சேஞ்சைச் செய்தது. குளிர்சாதனம் இல்லாமலே ஓடக்கூடியது. முதலாவதைக் கர்நாடகத்தில் கித்தூரில் 1986இல் வைத்தார்கள். குக்கிராமங்களுக்குத் தொலைபேசி போனது இத்தகைய கருவிகளால். இந்த டிஜிடல் எக்ஸ்சேஞ்சுகளில் குரல் உள்ளே நுழைந்ததுமே எண்ணாகிவிடும். வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் எட்டு இலக்கமாக எழுதி அனுப்புவார்கள். ஆகவே வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்சு வரையிலான ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் கம்பி. நடுவழி முழுக்க எண்கள். நான் ஆத்மார்த்தமாகக் கேட்ட இரைச்சல், பெரும்பகுதி எங்கள் தெருவின் இரைச்சல்தான்.

இருந்தாலும் ஒன்று நிற்கிறது. அந்த ஏற்பாட்டில், பேசினாலும் பேசாவிட்டாலும் வினாடிக்கு 8,000 முறை அளந்தார்கள். மௌனத்தையும் அதே சிரத்தையோடு அளந்து, அதே எட்டு இலக்கத்தில் எழுதி, மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இருவருக்கென்று ஒரு வழி ஒதுக்கப்பட்டது. அவர்கள் வைக்கும்வரை அது அவர்களுடையது. வங்கியில் ஜமா இல்லாத கணக்கையும் லெட்ஜரில் நாள் தவறாமல் தூக்கி எழுதுவது போல என்று என்னுடைய தொழிலிலிருந்து ஒரு உவமை சொல்லலாம்.

இணையத்தின் வழியாகப் பேசும்போது வழி ஒதுக்குவதில்லை. குரலைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி - சாதாரணமாக ஒரு பொட்டலத்தில் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்குப் பேச்சு - சினிமாவும் மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும் போகிற அதே வழியில் விடுகிறார்கள். இந்தியாவில் இந்த வகைத் தொலைபேசிச் சேவைக்கு முறையான அனுமதி வந்தது 2018இல். பேச்சு இல்லாதபோது பொட்டலம் எதற்கு என்று யாரோ ஒரு பொறியாளர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆகவே ஆள் பேசாதபோது ஒன்றும் அனுப்பாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எல்லா இணைப்புகளிலும் இதைச் செய்வதில்லை. செல்போனில் இது வெகு நாளைய வழக்கம். ஆனால் ஒன்றும் வராவிட்டால் கேட்கிறவர் இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடுகிறார். அதற்கும் பரிகாரம் கண்டார்கள். கேட்பவர் பக்கத்திலுள்ள கருவியே மெல்லிய ஒரு இரைச்சலைச் செய்து காதில் விடும். அந்தப் பக்கத்து இரைச்சல் எப்படியிருக்கும் என்று உத்தேசமாக ஒரு குறிப்பு மட்டும் அவ்வப்போது வரும். மீதி இங்கேயே உற்பத்தி. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் ஆறுதல் இரைச்சல் என்று சொல்லலாம். தற்காலக் கவிதைத் தொகுதிகள் பலவற்றுக்கு மதிப்புரை தலைப்பாக இதையே வைத்துவிடலாம் என்று தோன்றியது. அந்தச் சபலம் இருக்கட்டும்.

கண்ணாடி இழையில் வெகுதூரம் ஒளியைச் செலுத்த முடியும், கண்ணாடியிலுள்ள மாசுதான் தடை என்று சார்ல்ஸ் காவ் 1966இல் ஹாக்ஹாமோடு சேர்ந்து எழுதிய கட்டுரையிலிருந்துதான் இதெல்லாம் ஆரம்பம். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்போது அவருக்கு மறதிநோய். ஸ்டாக்ஹோமில் அவருடைய பரிசு உரையை அவர் மனைவி நிகழ்த்தினார்; அவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். உலகத்தின் பேச்சையெல்லாம் இழைக்குள் செலுத்த வழி சொன்னவரின் மௌனத்தை அந்த மண்டபத்தில் யார் எப்படி அளந்திருப்பார்கள் என்று யோசிக்கிறேன்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். எங்கள் கம்பி போன அதே வருஷம் பெரியம்மா வீட்டுக் கம்பியும் போயிற்று. பேரன் ஒரு பித்தான் செல்போன் வாங்கிக் கொடுத்தான். ஒன்றாம் பித்தானை நெடுநேரம் அழுத்தினால் எங்கள் வீட்டுக்கு வரும்படி நான்தான் எண்ணை ஏற்றிக் கொடுத்தேன். மற்றப் பித்தான்கள் அவருக்குத் தேவைப்படவில்லை. இரவு எட்டு மணி மாறவில்லை. ஆனால் பேச்சு மாறிற்று.

“மழை வருமாட்ட இருக்குது.”

“ஆமா.”

ஐந்து வினாடி.

“அக்கா? இருக்கறயா?”

“இருக்கறேன். நீ இருக்கறயா?”

“இருக்கறேன்.”

முப்பது வருஷத்தில் அம்மா இந்தக் கேள்வியைக் கேட்டு நான் கேட்டதில்லை. பேச்சு நின்றதும் காதில் விழுவது கிணற்றுக்குள் கல்லைப் போட்டுச் சத்தம் வராத மாதிரி இருக்கிறது என்றார். வேறொரு நாள், “சத்தம் வருது. ஆனா அது அக்கா ஊட்டுச் சத்தமில்ல” என்றார். ஆறுதல் இரைச்சலைப் பற்றி நான் படித்தது இதற்குப் பிறகுதான்.

அந்த வருஷ ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம் காற்றும் மழையும். மரங்கள் விழுந்து மின்சாரம் போயிற்று. நான் ஈரோட்டில் பயிற்சி வகுப்பொன்றில் இருந்தேன். மின்சாரம் போனதும் வெள்ளைப் பெட்டி செத்தது. இழையில் ஒளி வந்துகொண்டே இருந்திருக்கலாம். வாங்குவதற்கு வீட்டில் ஆள் இல்லை. அம்மாவுக்குச் செல்போன் இயக்க வராது. வேண்டாம் என்று சொல்லிவிட்டவர். எட்டு மணிக்கு ரிசீவரை எடுத்துப் பார்த்திருக்கிறார். ரீங்காரம் இல்லை. இருட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் வந்து சேரும்போது பதினொன்று தாண்டிவிட்டது. “அக்கா கூப்புட்டிருப்பா” என்றார். என் சட்டைப்பையில் செல்போன் இருந்தது, அதில் உயிரும் இருந்தது. “இந்நேரத்துக்கு எதுக்கு, காத்தால பேசிக்கலாம்” என்று சொல்லிப் படுத்துவிட்டேன். இதைத்தான் நான் செய்தேன்.

காலையில் ஒன்பது மணிக்குப் பெரியம்மா வாசலில் நின்றார். எழுபத்தாறு வயது. கையில் ஒரு மஞ்சள் பை. அதில், வரும் அவசரத்திலும், நாலு முட்டைக்கோஸ். முன்னிரவு முழுக்க ஒன்றாம் பித்தானை அழுத்தியிருக்கிறார். தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அந்தப் பெண்ணிடம், ஏன் முடியவில்லை, என் தங்கச்சிக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார். திம்பத்தில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது 2022 பிப்ரவரியில், உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில். காட்டு விலங்குகள் அடிபட்டுச் சாகாமல் இருக்க. நல்ல காரியம். விடியும்வரை காத்திருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து இருபத்தேழு வளைவும் இறங்கி வந்திருக்கிறார். உள்ளே வந்து அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. பெரியம்மா நேரே போய் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து, திரும்ப வைத்தார்.

பிரிட்டனில் செம்புத் தொலைபேசியை 2025இன் இறுதிக்குள் அணைத்துவிடுவது என்றிருந்ததை 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். கழுத்தில் ஆபத்துப் பித்தானைத் தொங்கவிட்டுக்கொண்டு தனியாக வாழ்கிற முதியவர்கள் அங்கே லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பித்தானை அழுத்தியபோது புது இணைப்பு கைகொடுக்காமல் போன சம்பவங்கள் நடந்துவிட்டன. படித்ததும் எனக்கு மஞ்சள் பைதான் ஞாபகம் வந்தது. வெள்ளைப் பெட்டிக்கென்று கையடக்கமான ஒரு யூ.பி.எஸ். வாங்கி வைத்தேன். நாலு மணி நேரம் தாங்கும் என்றான் கடைக்காரன். எங்கள் கிளையில், “லிங்க் இல்லீங்க, அப்புறம் வாங்க” என்று நான் வாரத்தில் ஒரு நாளாவது யாரிடமாவது சொல்கிறேன். எதிரில் நிற்பவர் எங்கிருந்து பஸ் ஏறி வந்தார் என்று இப்போது கொஞ்ச நாளாகக் கேட்கத் தோன்றுகிறது.

புதுத் தொலைபேசியில் ஸ்பீக்கர் பித்தான் உண்டு. அம்மாவுக்குக் காது மந்தமாகி வருவதால் அதை அழுத்தியே பேசுகிறார். ஆகவே இத்தனை வருஷம் ஒரு பக்கம் மட்டும் கேட்ட நான் இப்போது இரண்டு பக்கமும் கேட்கிறேன். அந்தப் புயல் இரவுக்குப் பிறகு இருவரும் இடைவெளி விடவே பயந்தார்கள். நின்றால் அறுந்துவிட்டது என்று தோன்றுவதால், நிற்காமல் இருக்க எதையாவது பேச வேண்டியிருந்தது. முதலில் காய்கறி விலை, யானை வந்தது, யார் வீட்டுப் பெண் யாரோடு போயிற்று. அவை தீர்ந்த பின் பழங்கதை. பழங்கதையும் தீர்ந்த ஒரு நாள், போன தை மாதத்தில், அம்மா சங்கிலியைப் பற்றிக் கேட்டார்.

எனக்கு விஷயம் அதுவரை தெரியாது. 1993இல் தொலைபேசிக்கு வரிசையில் முந்த ஓ.ஒய்.டி. என்று ஒரு வகை இருந்தது. முன்பணம் அதிகம் கட்ட வேண்டும். அப்பாவிடம் அவ்வளவு இல்லை. அக்கா தங்கை பேசிக்கொள்ளத்தானே என்று பெரியம்மா தன் மூன்று பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அதை அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். வட்டி கட்டமுடியாமல் அது மூழ்கிப் போயிற்று. மீட்டுத் தருகிறேன் என்று சொன்ன அப்பாவும் 2011இல் போய்விட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருந்த இடம் எது என்று எனக்குத் தெரியும். நான் மதிப்புரையில் வியந்த இடம். நகைக் கடன் கவுண்டரில் உட்கார்ந்து தினமும் அடகுச் சங்கிலிகளை எடை போடுகிறவன், பக்கத்து அறையில் முப்பது வருஷம் கனத்துக்கொண்டிருந்த ஒன்றைக் கவிதை என்று தீர்ப்பு எழுதியிருக்கிறேன். அவர்களுடைய மௌனத்தில் வேறு எதுவுமே இல்லை என்று இப்போது சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது இன்னொரு மதிப்புரை.

அன்று நடந்தது இது.

“இருக்கறயாக்கா?”

“இருக்கறேன், சொல்லு.”

“அந்தச் சங்கிலி.”

“எது?”

“எதுன்னா. போனுக்குக் குடுத்தியே, அதுதான். மீக்கவே இல்லையேக்கா நாங்க.”

ஸ்பீக்கரில் அந்த மெல்லிய இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அது தாளவாடியிலிருந்து வந்ததா, எங்கள் பெட்டி செய்ததா தெரியாது. அம்மா கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீயாக் கேப்பேன்னுதான் இருந்தேன்” என்றார் பெரியம்மா. “தெனமும்.”

அம்மா பதில் சொல்லவில்லை.

“ஏம்புள்ள,” என்றது ஸ்பீக்கர். “இருக்கறயா?”

மேல்தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. மோட்டாரை நிறுத்தப் போனேன்.